எம்மில்லத்துக் காப்பிக் கலவை

தனித்து நின்று சுவை பயக்கும் பொருள்கள் உலகிற் சில. தம்மிற் கூடிநின்று சுவை பயப்பனவே பல. உப்பைத் தனியே உண்பாரில்லை; புளியைத் தனியே உண்டாற் பல் கூசும்; மிளகைத் தனியே மென்றாற் கண்ணீர் வரும். இம்மூன்றும் தத்தம் அளவிற் கூடியவிடத்து இரசம் என்னும் நற்பொருள் பிறக்கின்றது. காலையில் நாம் பருகுங் காப்பியும் இவ்வினத்தைச் சார்ந்ததே. ஆயினும், கலப்படம் என்னுஞ் சொல்லைக் கேட்டுக் கேட்டு அஞ்சிய நம்மவர் கலவை யென்றாலும் முகஞ் சுளிக்கின்றனர். கலப்படம் வேறு, கலவை வேறு. விற்பான் தன் ஊதியங் கருதி மறைவிற் செய்வது கலப்படம். பருகுவான் தன் நாவுக்கும் உடலுக்கும் இயைய அறிந்து செய்வது கலவை. இவ்வேறுபாட்டை யாம் நூல்வாயிலாகக் கற்றோமல்லோம். சென்ற ஆண்டில் எம் அன்னையார் பொருட்டு அடுப்படியில் நின்று கற்றோம். அதனை நம் கல்லூரி மலரைப் படிக்கும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைந்து இக்கட்டுரையை எழுதலானோம்.

எம் அன்னையார்க்கு அகவை எழுபத்தெட்டு. மதுரையில் எம் இல்லத்தில் ஐம்பது ஆண்டுகளாகக் காப்பிக் கொட்டையை வாங்கி, வறுத்து, அரைத்து, பில்டரில் இறக்கும் பணி முழுதும் அவருடையதே. அவர்தங் கலவை மிக எளியது. அரபிக்கா ஒரு பங்கு, ரோபஸ்டா ஒரு பங்கு. சிக்கரி அறவே இல்லை. அக்கலவையால் நாளொன்றுக்கு மூன்று தம்ளர் காப்பி பருகுவது அவர் வழக்கம். சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் அவருக்கு நெஞ்சு படபடத்தலும் இரவில் உறக்கமின்மையுந் தோன்றின. மருத்துவர் ஆய்ந்து நோக்கி, "இதயத்திற் பழுதொன்றுமில்லை. காப்பியால் உடலிற் சேரும் காபீனைப் பாதிக்குங் கீழாகக் குறையுங்கள், இயலுமேற் காப்பியையே விட்டுவிடுங்கள்" என்று கூறியனுப்பினார். அன்னையார் மறுமொழி யொன்றும் உரைத்திலர். வீடு திரும்பியதும் பித்தளை பில்டரைப் புளியிட்டுத் துலக்கி, மேடைமீது கவிழ்த்து வைத்துவிட்டார்.

அவர் நாள்தோறும் நாலரை மணிக்கு விழித்தெழுவார். வீட்டார் எழுமுன் பின்கட்டுத் திண்ணையிற் கையில் தம்ளரோடு அமர்ந்திருக்கும் அரைமணிப் பொழுது ஒன்றே அவ்வில்லத்தில் அவருக்கென்று வாய்த்த பொழுது. பிள்ளைகள் எழுந்தால் அது பிள்ளைகளுடைய பொழுது. அடுப்பு மூண்டால் அது அடுப்பினுடைய பொழுது. காப்பியை விடுக என்பது அவர் செவியில் அவ்வரைமணியை விடுக என்றே ஒலித்தது. யாம் பாலுங் கொடுத்தோம். கேழ்வரகுக் கஞ்சியுங் கொடுத்தோம். "எல்லாம் நல்லதுதான், தம்பி, ஆனால் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை" என்றார். காபீன் நீக்கிய தூள் ஒன்றையும் வாங்கி வந்தோம். எமக்குக் கிட்டியது வெந்நீரிற் கரையும் வகையாதலின், அது பில்டருக்கு உதவாதாயிற்று. அவர்க்கெனத் தனியே ஒரு சிறு பில்டரில் மெல்லிய காப்பி இறக்கித் தருவோம் என்றோம். அதற்கும் இசைந்திலர். "ஒரு வீட்டில் இரண்டு காப்பி ஆகாது, நோயாளிக் காப்பி என்று ஒன்று எனக்கு வேண்டாம்" என்று முடிவு கூறிவிட்டார். ஆகவே, காபீன் குறைந்ததும், எல்லோரும் ஒருங்கே பருகத்தக்கதும், ஐம்பதாண்டுச் சுவையினின்று பெரிதும் விலகாததுமாகிய ஒரு கலவையை ஆக்குதல் எம் கடனாயிற்று. அன்னையாரே அதற்கு நடுவராயினார்.

கலவையைக் கூறுமுன் கலக்கப்படும் பொருள்களைக் கூறுதல் முறை. காப்பி நம் நாட்டிற்கு வந்தேறிய பயிர். பாபா புதான் என்னும் இசுலாமியப் பெரியார் 17-ஆம் நூற்றாண்டில் மக்கத்திலிருந்து மீளுங்கால், ஏமன் நாட்டு மோக்காத் துறையிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர்ப் பக்கத்து மலையில் ஊன்றினார் என்பது வழிவழி வருஞ் செய்தி. அம்மலைத் தொடர்க்கு அவர் பெயரே இன்றும் வழங்குகின்றது. 19-ஆம் நூற்றாண்டில் ஏற்காட்டிலும் நீலகிரியிலும் பழனிமலைச் சாரலிலுங் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. எம் இல்லத்து அரபிக்கா, கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கத்தில் விளைந்து, பட்டிவீரன்பட்டி வழியாக மதுரைக்கு வருவது. அம்மலையிற் காப்பிச் செடி வெயில் நேரே படாமல் பெருமர நிழலில், மிளகுக்கொடியும் ஆரஞ்சும் மலைவாழையுஞ் சூழ வளர்வது. ரோபஸ்டாவோ குடகிலும் வயநாட்டிலும் மிகுதியாக விளைவது. குடகு அரபிக்காவும் வயநாட்டு ரோபஸ்டாவும் 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றன.

இவ்விரு கொட்டைகளையும் ஒரு முறத்திற் கலந்து வைப்பினும் கண்ணுடையார் பிரித்துவிடலாம். அரபிக்கா நீண்டு தட்டையாயிருக்கும். அதன் நடுக்கீற்று வளைந்தோடும். ரோபஸ்டா சிறுத்து உருண்டிருக்கும். அதன் கீற்று நேராக ஓடும். இவையன்றிப் பீபெரி என்று கடைக்காரர் கூறுவதும் ஒன்றுண்டு. அது வேறு சாதியன்று. பழத்தினுள் இரண்டு விதைகள் முகம் பொருந்தி வளர்வது இயல்பு. ஒன்று கெட்டு ஒன்றே வளருமாயின் அது தட்டையாகாமல் உருண்டு திரளும், அதுவே பீபெரி. உருண்டையாதலின் சட்டியில் எளிதாகப் புரண்டு சீராக வறுபடும் என்பர்.

அரபிக்கா மணமுஞ் சிறு புளிப்பும் உடையது. உயர்ந்த மலையை விரும்புவது. நோய்க்கு எளிதில் இரையாவது. 1869-ஆம் ஆண்டு இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் அந்நாட்டுக் காப்பித் தோட்டங்களை நாளடைவில் அழித்துத் தேயிலைக்கு இடஞ்செய்த வரலாறு பலரும் அறிந்ததே. ரோபஸ்டா தாழ்ந்த சரிவிலும் வளர்வது; அந்நோயைத் தாங்குவது; கசப்பும் கனமும் மிக்கது. எமக்கு வேண்டிய செய்தி காபீனைப் பற்றியது. அரபிக்காக் கொட்டையில் நூற்றுக்கு ஏறக்குறைய 1.2 பங்கு காபீன் உண்டு, ரோபஸ்டாவில் 2.2 பங்கு. வறுத்தலால் இவ்வளவு பெரிதும் மாறுவதில்லை. எனவே, எம் அன்னையாரின் பழங்கலவையில் நூறு கிராமுக்குக் காபீன் 1.7 கிராம். தம்ளருக்குப் பத்துக் கிராம் பொடி எனக் கொண்டால், மூன்று தம்ளரில் 510 மில்லிகிராம். பொடியில் உள்ளது முழுதும் டிகாஷனில் இறங்குவதில்லை யெனினும், ஒப்பு நோக்குதற்கு இக்கணக்குப் போதும். நலமுள்ள பெரியோர்க்கு நாளொன்றில் 400 மில்லிகிராம் வரை தீங்கில்லை என்று ஐரோப்பிய உணவுக் காப்பு ஆணையம் 2015-இல் உரைத்தது. எம் அன்னையார் அவ்வெல்லையைத் தாண்டிப் பல்லாண்டு நடந்தவராதல் கூடும். கணக்கைக் கேட்ட அவர், "இத்தனை நாளும் நான் எண்ணிக் குடிக்கவில்லையே!" என்று நகைத்தார்.

ரோபஸ்டாவை முற்றும் நீக்குவதே முதல் வழியாகத் தோன்றிற்று. அரபிக்காவை மட்டும் நடுவறுவலாக வறுத்து இறக்கிக் கொடுத்தோம். அன்னையார் ஒரு மிடறு பருகி, "வாசனை வாசல்வரை வந்துவிட்டது, ஆளைத்தான் காணோம்" என்றார். அத்தீர்ப்பு முற்றிலும் பொருந்துவதே. பாலின்றிப் பருகும் மேனாட்டார்க்கு அரபிக்காவின் மெல்லிய புளிப்பு இனிக்கும். நாமோ கட்டிப்பால் சேர்த்து ஆற்றிப் பருகுவோம். பாலின் கொழுப்பையும் இனிப்பையும் எதிர்த்து நிற்பதற்குக் கசப்பும் கனமும் வேண்டும். அவற்றை அளித்து வந்தது ரோபஸ்டா. அதனை நீக்கியவிடத்து அவ்விரண்டையும் வேறு வாயிலாகத் தேட வேண்டுவதாயிற்று.

கசப்பு வறுவலாலும் வரும். இதனை அறிதற்கு அன்னையார் வறுக்கும்போது உடனிருத்தல் வேண்டும். அவர் வெப்பமானி கண்டவரல்லர்; அவர் கருவி காதும் மூக்குமே. இருப்புச் சட்டியிற் பச்சைக் கொட்டையை இட்டு ஓயாது கிளறுவார். பசுமை மாறி மஞ்சளாகுங்கால் வைக்கோல் மணம் எழும். பின்னர் அது ரொட்டி சுடும் மணமாகும். வெப்பம் ஏறக்குறைய 200 பாகையை அணுகும்போது கொட்டைக்குள் அடைபட்ட நீராவி வெடித்து வெளிப்படும். நெற்பொரி பொரிவது போன்ற அவ்வோசை முதல் வெடிப்பு. அது அடங்கிச் சற்று நேரத்தில் நிறம் புளியங்கொட்டையை ஒக்கும், அதுவே நடுவறுவல். மேலும் வறுப்பின் 225 பாகை யளவில் இரண்டாம் வெடிப்பு எழும். அதன் ஓசை காய்ந்த சருகு நொறுங்குவது போல் மெலிந்து விரைந்து கேட்கும். அப்பொழுது கொட்டையின்மேல் எண்ணெய் கசிந்து, துடைத்த கருங்காலி போல் மினுங்கும், அது முதிர்வறுவல். வறுவல் முதிர முதிரப் புளிப்புத் தேயும், கசப்பு வளரும், கொட்டைக்குரிய மணம் அகன்று வறுவலுக்குரிய மணம் மேலோங்கும். குறித்த நிறம் வந்தவுடன் முறத்திற் கொட்டி விசிறி ஆற்றுதல் வேண்டும். சட்டியிலேயே விட்டால் உள்வெப்பத்தால் வறுவல் தானே முதிர்ந்துவிடும்.

இம்முறையில் அரபிக்காவை முதிர வறுத்து இரண்டாம் முறை இறக்கினோம். "இதில் அடுப்புப் பேசுகிறது, கொட்டை பேசவில்லை" என்றார் நடுவர். கசப்பு வந்தது, மணம் போயிற்று. இவ்விரு தீர்ப்புக்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது ஒரு வழி தோன்றிற்று. ஒரே கொட்டையை இருவேறு அளவில் வறுத்துக் கலந்தால் என்ன? நடுவறுவல் ஐந்து பங்கும் முதிர்வறுவல் இரண்டு பங்குமாகக் கலந்தோம். மணத்தை ஒன்று காத்தது. கசப்பை மற்றொன்று நல்கிற்று. அன்னையார் முதன்முறையாகத் தம்ளரை முழுதும் பருகிக் கீழே வைத்தார். "பாதை தெரிகிறது" என்பதன்றி வேறொன்றுங் கூறிலர். இன்னுங் கனம் போதவில்லை.

கனத்திற்கு மருந்து சிக்கரி. ஆனால் அதன் பெயரைச் சொன்னவுடன் எம் இல்லத்திற் பெரும்பூசல் எழுந்தது. "ஐம்பது வருஷமாக அந்த வேரை வீட்டுக்குள் விட்டதில்லை, இப்போது நீ விடப் பார்க்கிறாயா?" என்று சினந்தார். அவர் சினத்திற்குக் காரணமும் இல்லாமலில்லை. அவருடைய இளமையில், காப்பித்தூள் என்று கூறிப் பாதி வேர்த்தூளை விற்ற கடைக்காரர்களை அவர் அறிவார். தண்ணீர்த் தம்ளரில் ஒரு சிட்டிகைத் தூளைத் தூவி, மிதப்பது காப்பி, நிறங்கக்கி ஆழ்வது சிக்கரி என்று கண்டுபிடிக்கும் முறையை எமக்கு முதலிற் கற்பித்தவர் அவரே.

யாம் வழக்குரைத்தோம். சிக்கரி நீலப்பூப் பூக்கும் ஒரு செடியின் வேர். அதனை உலர்த்தி வறுத்துப் பொடிப்பர். 1806-ஆம் ஆண்டு நெப்போலியன் ஆங்கில வாணிகத்தைத் தடுத்தபோது, காப்பி கிடையாத பிரெஞ்சு மக்கள் அதனைப் பெரிதும் நாடினர். நம் நாட்டில் குஜராத்து ஜாம்நகர்ப் பக்கத்திலும் உத்தரப் பிரதேசத்தும் அது பயிராகின்றது. அதிற் காபீன் சிறிதுமில்லை. காப்பியினும் மிகுதியாக நீரிற் கரைவதாதலின், டிகாஷனுக்கு நிறமுங் கனமும் நல்கும். சிக்கரி கலந்த காப்பித்தூளிற் காப்பி நூற்றுக்கு 51 பங்கிற்குக் குறைதல் கூடாதென்றும், கலந்த அளவைப் பொதியின்மேற் பொறித்தல் வேண்டுமென்றும் நம் நாட்டுச் சட்டம் விதித்துள்ளது. "கடைக்காரன் மறைத்துப் போட்டது வேறு, நாம் நிறுத்துப் போடுவது வேறு, அம்மா" என்றோம். நெடுநேரம் வாளாவிருந்தவர், "பத்தில் ஒன்று. அதற்குமேல் என் கையால் போடமாட்டேன்" என்றார்.

பத்தில் ஒன்று இட்டோம். கனம் சிறிது கூடிற்று. நான்கு நாள் கழித்து அவரே மற்றொரு பங்கும் இட்டார். எம்மைக் கேட்டிலர், யாமும் வினவிலேம். ஆயினும் ஓரிடத்தில் அவர் விட்டுக் கொடுத்திலர். "ரோபஸ்டா ஒரு பங்காவது வேண்டும், அது இல்லாமல் ஆற்றும்போது நுரை நிற்கவில்லை" என்றார். கணக்கிட்டுப் பார்த்தோம். அரபிக்கா நடுவறுவல் 5 பங்கு, அரபிக்கா முதிர்வறுவல் 2 பங்கு, ரோபஸ்டா 1 பங்கு, சிக்கரி 2 பங்கு. இக்கலவையில் நூறு கிராமுக்குக் காபீன் 1.06 கிராம். நாளுக்கு இரண்டு தம்ளர் என்று நிறுத்திக்கொண்டால் 212 மில்லிகிராம். பழைய 510-இற் பாதிக்கும் கீழ். மருத்துவர்க்கு இக்கணக்கைக் காட்டினோம், அவர் இசைந்தார். மாலைத் தம்ளரை அன்னையார் துறந்தார். அப்பொழுதிற்குச் சுக்கும் மல்லியும் இட்ட வெந்நீர் அமைந்தது. ஊரார் அதனைச் சுக்குக் காப்பி என்பர். அன்னையார் அப்பெயரால் அதனை வழங்க இன்றும் இசையார்.

இம்முயற்சியில் யாம் கற்ற சில முறைகளை, வீட்டிற் கலக்க விழைவார்க்கு ஈண்டுக் கூறுதும். வெவ்வேறு கொட்டைகளை ஒரே சட்டியில் வறுத்தலாகாது. பருமனும் ஈரமும் வேறுபடுதலின், ஒன்று பதமாகுமுன் மற்றொன்று கருகும். தனித்தனியே வறுத்து, ஆறிய பின்னரே நிறுத்துக் கலத்தல் வேண்டும். பச்சைக் கொட்டையின் நிறையைக் கணக்கிற் கொள்ளலாகாது. வறுக்குங்கால் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு நிறை குறைதலும், முதிர்வறுவலில் மிகுதியாகக் குறைதலும் உண்டு. வறுத்த அன்றே இறக்காமல் ஒருநாளேனும் பொறுத்தல் நன்று. கொட்டையினுள் நின்ற கரியமிலவாயு வெளியேற அவ்வளவு பொழுது வேண்டும். கொட்டையாக வைத்தது வாரக்கணக்கில் மணங் காக்கும். பொடியாக்கியது நாட்கணக்கில் மணம் இழக்கும். ஆதலின் ஒருவாரத்திற்கு வேண்டுவதையே அரைத்தல் வேண்டும். சிக்கரி ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகும் இயல்பினது. அரைத்த பொடியோடு கடைசியிற் கலந்து, மூடி இறுகிய கலத்தில் வைத்தல் நலம். எல்லாவற்றினும் மேலாக, ஒருநேரத்தில் ஒன்றனையே மாற்றுக. கொட்டையையும் வறுவலையும் அளவையும் ஒருங்கே மாற்றியவன், சுவை நன்றாயினும் தீதாயினும், அஃது எதனால் வந்ததென்று அறியான். நம் கல்லூரி இரசாயனச் சாலையில் ஆசிரியர்கள் பன்முறை உரைத்த இவ்விதி அடுப்படிக்கும் பொருந்துவதே.

அரபிக்காவையும் ரோபஸ்டாவையும் உயர்வு தாழ்வு கற்பித்துப் பேசுவார் பலர். அன்னார்க்கு ஒரு செய்தி. அரபிக்கா தனிச்சாதி யன்று. ரோபஸ்டாவின் இனமாகிய செடியும், யூஜெனியாய்டிஸ் என்னும் மற்றொரு காட்டுக் காப்பிச் செடியும் இயற்கையாகவே கூடிப் பிறந்தது அது. அக்கலப்பு ஏறக்குறைய ஆறு லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்திருக்கலாம் என்று 2024-ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி மதிப்பிட்டது. எனவே, கலவையில்லாத தூய காப்பி என்று நாம் போற்றுவதும் ஒரு கலவையே. அதனோடு ரோபஸ்டாவைச் சேர்ப்பது பிள்ளையைப் பெற்றவரோடு சேர்ப்பதையே ஒக்கும். இதனை அன்னையார்க்குக் கூறியபோது, "அதனால்தான் நுரை நின்றது" என்றார்.

தை மாதத்தில் எம் தமையனார் கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். நிகழ்ந்தவற்றுள் ஒன்றும் அவர்க்குத் தெரியாது. காலையில் தம்ளரைக் கையில் வாங்கி இரண்டு மிடறு பருகியவர் சற்றே நிறுத்தி, "அம்மா, காப்பி மாறியிருக்கிறதே?" என்றார். யாம் வாய்திறக்குமுன் அன்னையார், "ஆமாம், நான் மாற்றினேன். எப்படி இருக்கிறது, சொல்" என்றார். தமையனார் மற்றொரு மிடறு பருகி, "நம் வீட்டுக் காப்பிதான்" என்றார். மருத்துவர், கணக்கு, காபீன் என ஒன்றையும் அன்னையார் அங்கே எடுத்துரைக்கவில்லை, யாமும் உரைத்திலேம். படபடப்புத் தணிந்திருக்கிறது, உறக்கம் முன்னினும் நன்று. நாலரை மணிக்குப் பின்கட்டுத் திண்ணையில் அவர்க்குரிய அரைமணி அவர்க்கே உரியதாயிருக்கின்றது.

மேற்கூறிய பங்குகளை விதியாகக் கொள்ளற்க. அவை ஓர் இல்லத்து நாவுக்கும் ஓர் உடலுக்கும் அமைந்தவை. நோயுடையார் மருத்துவரைக் கேட்டே அளவு வகுத்தல் வேண்டும். ஏனையோர் ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் கொண்டு தொடங்கலாம். அவரவர் இல்லத்தில், வெடிப்போசையைக் கேட்ட மாத்திரத்தில் "போதும், இறக்கு" என்று கூறவல்லார் ஒருவர் பெரும்பாலும் இருப்பர். அவரை நடுவராக அமர்த்திக்கொண்டு, அவர் தீர்ப்புக்களைக் குறித்து வைப்பாராக. தராசு காட்டாத அளவு அவரிடம் உண்டு. அதனை அவர் இருக்கும்போதே கேட்டுக் கற்றல் வேண்டும்.